பிளஸ் ஒன் கணிதத்துக்கு ஒரு கையேடும் சில ஸ்லைடர்களும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் வந்த 11ஆம் வகுப்புக் கணிதப் பாடநூல் இரண்டு தொகுதிகள், 12 அத்தியாயங்கள் கொண்டது. கணங்கள், தொடர்புகள், சார்புகளில் தொடங்கி அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல் வழியாக இருபரிமாணப் பகுமுறை வடிவியலில் முதல் தொகுதி முடிகிறது. எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் எல்லாம் இரண்டாம் தொகுதியில். அமெரிக்கப் பள்ளிகளில் ‘பிரிகால்குலஸ்’ என்று தனிப் பாடமாக நடத்துவதில் பெரும்பகுதி இங்கே முதல் தொகுதிக்குள் அடங்கிவிடும். அரையாண்டுக்கு முன்பே அதை முடித்தால்தான் நுண்கணிதத்துக்கு நாள் கிடைக்கும்.

ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் கணிதப் பிரிவுக்குப் பாடம் எடுக்கும் முதுகலை ஆசிரியர்கள் இருவர், முதல் தொகுதிக்காக ஓர் அச்சுக் கையேடும் அதனுடன் சேர்ந்த டிஜிட்டல் பயிற்சிகளும் தயாரித்தார்கள். தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் உள்ள பள்ளி. வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் ஒரே போனை அம்மாவோடோ அண்ணனோடோ பகிர்ந்துகொள்பவர்கள். பள்ளியில் ஹைடெக் லேப் உண்டு. ஆனால் ஏதாவது ஒரு தேர்வுக்கோ பயிற்சிக்கோ அது அடிக்கடி ஒதுக்கப்பட்டுவிடும்.

பாடநூலிலேயே கியூஆர் குறியீடுகளும், அத்தியாய முடிவில் ஜியோஜிப்ரா (சமன்பாட்டைத் தந்தால் படம் வரைந்து காட்டும் கணித மென்பொருள்) செயல்பாடுகளும் இருக்கின்றன. இருந்தும் தனியாக ஒன்று தேவைப்பட்ட காரணம் எளியது. பாடநூலின் செயல்பாடு அத்தியாயக் கடைசியில் வருகிறது. தடுமாற்றமோ அத்தியாயத்தின் நடுவில் வருகிறது.

ஜூனில் கண்டது

சார்புகள் பாடம் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் ஒரு சிறு எழுத்துத் தேர்வு வைத்தார்கள். விடைத்தாள்களைக் கூட்டிப் போடாமல் தவறுகளை வகை பிரித்தார்கள். மூன்று வகைத் தவறுகள் மேலே வந்தன.

முதலாவது, நகர்வின் திசை. y = |x − 1| + 1 என்பதற்கு முனையை (−1, 1) இல் வைத்தவர்கள் பலர். வெளியே உள்ள +1ஐ மேலே ஏற்றியது சரி. உள்ளே கழித்தல் குறி இருப்பதால் இடப்பக்கம் போனார்கள்.

இரண்டாவது, சார்பகத்தை, அதாவது x எந்த மதிப்புகளை ஏற்கலாம் என்பதை, மறப்பது. √x என்பதன் வர்க்கத்தை x என்று சுருக்கிவிட்டு, முழு நேர்கோட்டையும் வரைந்தார்கள். குறை எண்களுக்கு அந்தக் கோடு இல்லை என்பது சுருக்கிய அடுத்த வரியிலேயே காணாமல் போனது.

மூன்றாவது, நேர்மாறையும் (f செய்ததைத் திருப்பிச் செய்யும் சார்பு) தலைகீழியையும் (1/f) குழப்புவது. நேர்மாறுச் சார்பின் குறியீட்டில் மேலே இருக்கும் −1ஐ அடுக்காகவே படித்து 1/f(x) என்று எழுதினார்கள். பத்தாம் வகுப்பு வரை அடுக்கை அப்படிப் படித்தே பழகியவர்கள், அதனால் இதில் வியப்பில்லை.

கோணங்களில் வேறொரு சிக்கலும் இருந்தது. வீட்டில் போன் கால்குலேட்டரில் சரிபார்த்தவர்கள் சைன் 30 என்று தட்டி −0.988 என்ற விடையோடு வந்தார்கள். கால்குலேட்டர் பாகையில் இல்லாமல், கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனில் இருந்தது. கணிதத் தேர்வுக் கூடத்தில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் இது மதிப்பெண்ணைத் தொடாது. ஆனால் தன் விடை சரியா என்று சொந்தமாகப் பார்க்கத் துணிந்த மாணவரே குழம்பிப் பின்வாங்குகிறார் என்பது சின்ன விஷயமில்லை.

முதல் பதிப்பு

ஜூலையில் வேகமாக ஒன்றைச் செய்தார்கள். வேர்டில் ஏ4 அளவில் 48 பக்கம்: சூத்திரங்கள், தீர்த்த கணக்குகள், ஒரு மதிப்பெண் வினாக்கள், வரைந்து பழகக் கட்டம் போட்ட பகுதிகள். கூடவே இரண்டு டிஜிட்டல் பொருள்கள். ஒன்று, கரும்பலகையில் எழுதி விளக்கும் 12 நிமிடக் காணொளி. மற்றது, y = a f(x − b) + c என்ற வடிவில் மூன்று ஸ்லைடர்கள் (இழுத்தால் a, b, c இன் எண் மாறும் திரைக் குமிழ்கள்) கொண்ட ஜியோஜிப்ரா பக்கம். ஸ்லைடரை இழுத்தால் வளைவரை நகரும், நீளும், கவிழும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஜெராக்ஸ் செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்றது. ஒரு பிரதிக்கு 12 ஏ4 தாள். இருபுறமும், பக்கத்துக்கு இரண்டாக அச்சிட்டு நடுவில் மடித்துப் பின் அடித்தால் ஏ5 அளவில் 48 பக்கம் கிடைத்துவிடும்.

எங்கே சறுக்கியது

முதலில் தாள். ஏ4 பக்கத்தை ஏ5 ஆகச் சுருக்கும்போது நீளங்கள் 0.707 மடங்காகும். 5 மில்லிமீட்டர் கட்டம் 3.5 மில்லிமீட்டராக வந்தது. 11 பாயின்ட் எழுத்து 8 பாயின்ட்டுக்கும் கீழே போனது. பென்சிலால் புள்ளி வைத்தால் அதுவே கட்டத்தில் கால்வாசியை அடைத்தது. கட்டக்கோடுகளை வெளிர் சாம்பல் நிறத்தில் வைத்திருந்தார்கள். கறுப்பு மை மட்டுமே உள்ள அச்சில் சாம்பல் என்பது சிறு சிறு கறுப்புப் புள்ளிகளின் கூட்டம்தான். மெல்லிய கோட்டில் அந்தப் புள்ளிகள் விட்டு விட்டு விழுந்து கோடே அறுந்தது. பழைய வளைவரை நீலம், புதியது சிவப்பு என்று திரையில் தெளிவாக இருந்தவை ஜெராக்ஸில் ஒரே கருமையாகின. எது எங்கிருந்து நகர்ந்தது என்று சொல்ல முடியவில்லை. படம் இருந்தது, பாடம் இல்லை.

ஆங்கிலவழி மாணவர் ஒருவர் நேர்மாறுச் சார்பின் படத்தில் வேறொன்றைக் கண்டுபிடித்தார். x² (x ≥ 0), √x இரண்டும் y = x என்ற கோட்டில் எதிரொளிக்க வேண்டும். அச்சில் அப்படித் தெரியவில்லை. பக்கத்தில் இடம் போதாமல் படத்தின் பக்கவாட்டை மட்டும் இழுத்துக் குறுக்கியிருந்தார்கள். y = x கோடு 45 பாகையை விட்டு விலகிவிட்டது. கோடு சாய்ந்தபின் எதிரொளிப்பு என்று சொல்வதில் பொருளில்லை.

காணொளி வாட்ஸ்அப்பில் போனது. காணொளியாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கும். பலகையில் எழுதிய அடுக்குகளும் கீழ்க்குறிகளும் மங்கின. 12 நிமிடம் யாரும் முழுதாகப் பார்க்கவில்லை என்பதை வகுப்பில் இரண்டு கேள்வி கேட்டாலே தெரிந்துகொள்ள முடிந்தது.

கியூஆர் குறியீட்டின் கதை கொஞ்சம் கணக்கோடு சொல்ல வேண்டியது. கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றிப் பகிர்வு இணைப்பை அப்படியே குறியீடாக்கியிருந்தார்கள். அந்த இணைப்பு 80 எழுத்துகளைத் தாண்டும். நடுத்தரப் பிழைதிருத்தத்தில் (குறியீடு கொஞ்சம் சிதைந்தாலும் படிக்க வைக்கும் ஏற்பாடு) அதற்கு 37 × 37 கட்டங்கள் தேவை. சுற்றிலும் 4 கட்ட வெற்றிடம் வேண்டும், ஆக அகலத்துக்கு 45. சுருங்கிய அச்சில் மொத்த அகலம் 1.2 சென்டிமீட்டர்தான். ஒரு கட்டம் 0.27 மில்லிமீட்டர். மை லேசாகப் பரவினாலே பக்கத்துக் கட்டம் மூடிக்கொள்ளும். நல்ல கேமரா உள்ள போன்களில் மட்டும் திறந்தது.

இவையெல்லாம் கைவேலைக் குறைகள், திருத்தினால் தீரும். ஆகஸ்டில் தெரியவந்த இன்னொன்று அப்படியல்ல.

ஸ்லைடர் கற்றுக்கொடுத்த தவறு

லேபில் ஒரு பாடவேளை முழுக்க ஸ்லைடர்களோடு விட்டபின், மறுநாள் y = (x + 2)² வரையச் சொன்னார்கள். வலப்பக்கம் 2 நகர்த்தியவர்கள் ஜூனில் இருந்ததைவிடக் கூடியிருந்தார்கள். ஜூனில் தயங்கியவர்கள்கூட இப்போது உறுதியாகத் தவறாகச் சொன்னார்கள்.

“சார், ஸ்லைடர் 2-ல வெச்சா வலப்பக்கம்தானே போச்சு?”

“ஸ்லைடர்ல 2 சரிப்பா. அப்போ மேல சமன்பாடு என்னன்னு இருந்துச்சு?”

மாணவர் அதைப் பார்க்கவே இல்லை. அந்த ஸ்லைடர் பக்கத்தின் அமைப்பே அப்படி. வடிவம் f(x − b). b என்ற ஸ்லைடரை 2இல் வைத்தால் சமன்பாடு x − 2 ஆகிறது, படம் வலப்பக்கம் போகிறது. மாணவர் கண் விரலோடும் படத்தோடும்தான் இருக்கும். ‘+2 என்றால் வலம்’ என்பதே மனதில் பதிகிறது. தாளில் x + 2 என்று பார்த்ததும் அது வேலை செய்கிறது. வடிவத்தை f(x + b) என்று மாற்றிப் பார்த்தார்கள். இப்போது குறி சரி, ஆனால் ஸ்லைடரை வலப்பக்கம் இழுக்க இழுக்கப் படம் இடப்பக்கம் ஓடியது. ஏன் என்று கேட்டால் “அப்படித்தான் சார் ஓடுது” என்பதே விடை.

கற்பித்தலில் ஸ்லைடரைப் பற்றிப் புகழ்ச்சியாகவே பேசுவது வழக்கம். அது எண்ணையும் படத்தையும் நேராக இணைத்துவிடுகிறது, நடுவில் இருக்கும் சமன்பாட்டைப் படிக்க வேண்டிய வேலையை எடுத்துவிடுகிறது. இந்தப் பாடத்தில் அந்த நடுவேலைதான் பாடம்.

எடுத்த முடிவுகள்

ஆகஸ்ட் நடுவில் இரண்டாம் பதிப்புக்கு உட்கார்ந்தபோது முதலில் ஒன்றை முடிவு செய்தார்கள்: தாளில் இருப்பதையே திரையிலும், திரையில் இருப்பதையே தாளிலும் வைப்பதில்லை. கையால் செய்ய வேண்டியது தாளுக்கு. செய்ததைச் சரிபார்ப்பது திரைக்கு. தாளில் பென்சில் ஓடிய பிறகுதான் திரை.

ஸ்லைடர்கள் எடுக்கப்பட்டன. அதற்குப் பதில் ஜியோஜிப்ராவில் ஓர் உள்ளீட்டுப் பெட்டி. மூலச் சார்பு புள்ளிக்கோடாக அங்கே நிற்கும். மாணவர் புதிய சமன்பாட்டை முழுதாகத் தட்டச்சு செய்தால் தடித்த கோட்டில் வளைவரை வரும். ஒவ்வொரு எழுத்தையும் தட்டும்போது குறியைப் பார்க்காமல் இருக்க முடியாது. மூலத்தின் ஒரு புள்ளியும் குறிக்கப்பட்டிருக்கும், அது எங்கே போனது என்பதைத் தாளில் எழுத வேண்டும். இரு அச்சுகளின் அளவும் 1:1 என்று பூட்டப்பட்டது. விரல் பட்டுப் படம் எங்கோ ஓடாதபடி, இழுத்தல், பெரிதாக்கல் இரண்டையும் அமைப்பில் நிறுத்திவைத்தார்கள். மீட்டமைக்கும் பொத்தானை மட்டும் விட்டார்கள்.

இடம், வலம் என்ற விதி கையேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதன் இடத்தில் ஒரு கேள்வி வந்தது: உள்ளே இருப்பது 0 ஆக x எவ்வளவு இருக்க வேண்டும்? |x − 1| இல் x = 1, எனவே முனை அங்கே. (x + 2)² இல் x = −2. மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை, ஒரு படிச் சமன்பாடு மட்டுமே.

அச்சுப் பக்கம் தொடக்கத்திலேயே ஏ5 அளவில், 148 × 210 மில்லிமீட்டரில் அமைக்கப்பட்டது. இதில் எதிர்பாராத ஒரு நன்மை: ஏ4 பிடிஎஃப்பைப் போனில் படிக்க விரலால் விரித்து விரித்து நகர்த்த வேண்டும், ஏ5 பக்கம் அப்படியே படிக்கக் கிடைக்கிறது. ஒரே கோப்பு கடைக்கும் போனுக்கும் போதும். எழுத்துரு யூனிகோடு. பழைய பாமினி வேர்டு கோப்புகள் அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும், அதனால் எதுவும் வேர்டு கோப்பாகப் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டார்கள்.

கட்டக்கோடுகள் சாம்பலிலிருந்து முழுக் கறுப்புக்கு, 0.25 பாயின்ட் மெல்லிய கோடாக மாறின. மூல வளைவரை விட்டுவிட்ட கோடு, புதியது தொடர்கோடு. நிறம் எங்குமில்லை. கடையில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 விழுக்காட்டில் அச்சிடச் சொல்லி, முதல் பிரதியில் பத்துக் கட்டங்களை அளவுகோலால் அளந்து 5 சென்டிமீட்டர் வந்த பிறகே மற்றவற்றுக்கு அனுமதி. பிரதியிலிருந்து பிரதி எடுக்காமல், எல்லாமே பிடிஎஃப்பிலிருந்து நேராக.

முக்கோணவியல் பக்கங்களின் கட்டம் தனி. ஒரு கட்டம் π/12, எனவே π என்பது 12 கட்டம். நேர்குத்தில் 1 அலகுக்கு 4 கட்டம். 12ஐ π ஆல் வகுத்தால் 3.82. 4 என்பது அதற்கு மிக அருகில் இருப்பதால் வளைவரையின் உருவம் ஏறக்குறைய உண்மை அளவிலேயே இருக்கும், ஆதியில் சைன் வளைவரையின் சாய்வு 1 என்பது கண்ணுக்கும் 45 பாகையாகவே தெரியும். இரண்டாம் தொகுதியில் எல்லை வரும்போது இந்தப் படம் கைகொடுக்கும். 12 என்ற எண்ணுக்கு இன்னொரு வசதி: π/6, π/4, π/3, π/2 நான்கும் முழுக் கட்டங்களில் விழுகின்றன, 2, 3, 4, 6 என்று. 10 கட்டம் எடுத்திருந்தால் π/4 பாதிக் கட்டத்தில் தொங்கும்.

கியூஆர் குறியீடு ஜியோஜிப்ரா பக்கத்துக்கு நேராகப் போனது. அந்த முகவரி 35 எழுத்து. 42 எழுத்து வரை 29 × 29 கட்டத்தில் நடுத்தரப் பிழைதிருத்தத்தோடு அடங்கும். வெற்றிடத்தையும் சேர்த்து 37. அகலம் 2.5 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு கட்டம் 0.68 மில்லிமீட்டர், முன்பைவிட இரண்டரை மடங்கு. இலவசமாக ‘மாற்றத்தக்க’ குறியீடு தரும் தளங்களைத் தவிர்த்தார்கள். அவை நடுவில் தங்கள் முகவரியை வைத்துத் திருப்பிவிடுபவை, கணக்கு காலாவதியானால் அச்சடித்த தாள் முழுக்க வீண்.

12 நிமிடக் காணொளி மூன்று நிமிடத் துண்டுகளாக, துண்டுக்கு ஒரு கணக்கு என்று பிரிந்தது. வாட்ஸ்அப்பில் ஆவணமாக இணைத்து அனுப்பினார்கள், அப்படி அனுப்பினால் செயலி சுருக்காது. லேபின் கணினிகளில் ஜியோஜிப்ரா கிளாசிக் 5 நிறுவி, பயிற்சிக் கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றினார்கள். நெட் இல்லாத நாளிலும் லேப் வகுப்பு நடக்கும்.

ஒரு மதிப்பெண் வினாக்கள் கையேட்டிலிருந்து வெளியேறின. 90 மதிப்பெண் தாளில் 20 அவைதான், தேவையில்லை என்றல்ல. சந்தையில் அவை ஏராளம், பாடநூலிலேயே அத்தியாயத்துக்கு ஒரு தொகுப்பு உண்டு. சேர்ப்பியலுக்கும் ஈருறுப்புத் தேற்றத்துக்கும் டிஜிட்டல் பயிற்சி எதுவும் செய்யவில்லை. அங்கே திரையில் நகர்த்திக் காட்ட அதிகமில்லை.

கையேட்டில் சேர்ந்த ஒரு பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘திரை காட்டாதவை’ என்று தலைப்பு. (x² − 4)/(x − 2) என்று ஜியோஜிப்ராவில் தட்டினால் இடையறாத நேர்கோடு வரும். x = 2 இல், உயரம் 4 இல், ஒரு துளை இருப்பது தெரியாது. மீப்பெரு முழு எண் சார்பின் (x ஐத் தாண்டாத மிகப் பெரிய முழு எண்ணைத் தருவது) படிகளில் எந்த முனை மூடியது, எந்த முனை திறந்தது என்ற வட்டங்கள் வராது. அந்த இடங்களை மாணவரே தாளில் வெற்று வட்டமாகவும் நிறைந்த வட்டமாகவும் போட வேண்டும். கால்குலேட்டர் சோதனையும் அங்கேயே: சைன் 30 என்று தட்டினால் 0.5 வந்தால் பாகை, −0.988 வந்தால் ரேடியன்.

ஒரு பாடவேளை எப்படி நடந்தது

லேபில் கணினிக்கு இருவர். ஒருவரிடம் கையேடும் பென்சிலும், மற்றவரிடம் விசைப்பலகை. பென்சில்காரர் வரைந்து, குறித்த புள்ளியின் புதிய இடத்தை எழுதும் வரை விசைப்பலகையைத் தொடக் கூடாது. பிறகு தட்டிப் பார்ப்பது. பொருந்தவில்லை என்றால் அழிக்கக் கூடாது. பக்கத்திலேயே வேறு கோட்டில் சரியானதை வரைந்து, எந்தப் புள்ளியில் பிரிந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். அடுத்த கணக்குக்கு இடம் மாற்றிக்கொள்வார்கள். 40 நிமிடப் பாடவேளையில் நான்கு கணக்குகள்தான் முடிந்தன. பாடநூல் பயிற்சியின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள், அது நியாயமான குறைதான்.

அழிக்கக் கூடாது என்ற விதிக்கு எதிர்ப்பு வந்தது. சுத்தமான நோட்டுக்கு மதிப்பெண் போட்டே வளர்த்த பிள்ளைகள். கையேட்டை மதிப்பிடப் போவதில்லை என்று எழுத்தில் போட்ட பிறகுதான் அடங்கியது.

புதிய கேள்வி உடைந்த இடம்

செப்டம்பரில் பாடநூலிலுள்ள ஒரு கணக்குக்கு வந்தார்கள்: சைன் வளைவரையிலிருந்து y = சைன்(π/2 − x) ஐ வரைக. விடை கொசைன் x என்று எல்லோருக்கும் தெரியும். வரைந்ததில் பலருக்குக் கவிழ்ந்த கொசைன் வந்தது.

உள்ளே இருப்பது 0 ஆக x = π/2 என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். சைன் வளைவரையின் ஆதிப்புள்ளியை அங்கே கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து வழக்கம்போல் மேலே ஏறினார்கள். அப்படி வரைந்தால் கிடைப்பது சைன்(x − π/2), அதாவது −கொசைன் x. உண்மையில் x கூடக் கூட உள்ளே இருப்பது குறைகிறது, எனவே π/2 இலிருந்து வலப்பக்கம் வளைவரை இறங்க வேண்டும்.

வேறு சிலர் விதிப்படி முதலில் நிலை அச்சில் எதிரொளித்துச் சைன்(−x) பெற்றார்கள், பிறகு ‘+π/2’ என்பதைப் பார்த்து இடப்பக்கம் நகர்த்தினார்கள். அதுவும் −கொசைன் x தான். எதிரொளித்த பிறகு நகர்த்துவதானால் வலப்பக்கம் π/2 போக வேண்டும். முதலில் இடப்பக்கம் நகர்த்தி, அதன்பின் எதிரொளித்தால் சரியாக வரும். வரிசை மாறினால் திசை மாறும்.

ஒரு புள்ளி கேட்கும் கேள்வி போதாது என்பது இங்கேதான் வெளிப்பட்டது. |x| உம் x² உம் இருபுறமும் ஒரே மாதிரி இருப்பவை. ஒரு புள்ளியை வைத்தாலே படம் முடிந்துவிடும், அதனால் குறை மறைந்திருந்தது. கேள்வியை இரண்டாக்கினார்கள்: உள்ளே 0 ஆக x எவ்வளவு, உள்ளே π/2 ஆக x எவ்வளவு? இரண்டாவதற்கு விடை x = 0, அங்கே உயரம் 1. இரு புள்ளிகளையும் வைத்தால் வளைவரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதில் ஐயமில்லை.

இதை y = 2 சைன்(2x − π/3) வரை நீட்டினார்கள். பிளஸ் டூவில் நேர்மாறு முக்கோணவியல் சார்புகளுக்கு முன் வீச்சும் (அலையின் உயரம்) காலமும் (அலை ஒரு சுற்று முடிக்கும் நீளம்) வரும், அதற்கு இது முன்பயிற்சி. உள்ளே 0, π/2, π, 3π/2, 2π என்று ஐந்து முறை போட்டால் x முறையே π/6, 5π/12, 2π/3, 11π/12, 7π/6. உயரங்கள் 0, 2, 0, −2, 0. π/12 கட்டத்தில் இவை 2, 5, 8, 11, 14. மும்மூன்று கட்ட இடைவெளி. கால் காலம் 3 கட்டம், முழுக் காலம் 12 கட்டம், அதாவது π. நகர்வு π/3 ஆ π/6 ஆ என்ற நிரந்தரச் சண்டை எழவே இல்லை, முதல் புள்ளி இரண்டாம் கட்டத்தில் விழுவதைக் கையே கண்டுகொண்டது.

காலாண்டுக்குப் பின்

காலாண்டு விடைத்தாள்களில் நகர்வின் திசைத் தவறு ஜூனை ஒப்பிடக் கண்கூடாகக் குறைந்திருந்தது. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை லேப் வகுப்புகளுக்கு வராதவர்களுடையவை. நேர்மாறு, தலைகீழி குழப்பமும் தணிந்தது, ஆனால் அதற்குக் கையேடுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வகுப்பிலும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

சார்பக மறதி அப்படியே இருந்தது. √x இன் வர்க்கத்தைத் தட்டினால் ஜியோஜிப்ரா வலப்பாதியை மட்டும் சரியாகவே வரையும். மாணவர் அதைப் பார்க்கிறார், தலையாட்டுகிறார், அடுத்த கணக்கில் மறக்கிறார். பார்ப்பதால் இந்தத் தவறு போகாது. சுருக்குவதற்கு முந்தைய வரியில் சார்பகத்தை எழுதிவிட்டுச் சுருக்கும் பழக்கம் வேண்டும், அதற்குக் கையேட்டில் இடமே விடவில்லை.

நேரமும் ஒரு விலை. ஒரு மதிப்பெண் வினாக்களிலும் புள்ளி வைத்து வரைந்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் இருந்தார்கள். சரியாகச் செய்தார்கள், ஆனால் ஐந்து மதிப்பெண் கணக்குக்கு நேரம் போதவில்லை.

போன் இல்லாதவர்களைப் பற்றிய கவலை எதிர்பார்த்த அளவு உண்மையாகவில்லை. சரிபார்ப்பு மட்டுமே திரையில் என்பதால் வாரத்துக்கு ஒரு லேப் வகுப்பே போதுமானதாக இருந்தது. வீட்டில் கையேட்டை முடித்துவந்து லேபில் சரிபார்த்தார்கள். சரியும் தவறும் மறுநாள்தான் தெரியும் என்பதில் சிலருக்குப் பொறுமையில்லை. அவர்கள் நண்பரின் போனைக் கேட்டு வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டுக்கு மாற்றுபவை

கையேடு 48 பக்கத்திலிருந்து 32 ஆகிறது, எட்டுத் தாள். மடித்துப் பின் அடிக்கும் புத்தகம் நான்கின் மடங்கில்தான் வரும் என்பதால், வெட்டும்போது 30 என்றோ 34 என்றோ நிற்க முடியாது. சேர்ப்பியல், ஈருறுப்புப் பகுதிகள் முழுதாகப் போகின்றன. சார்புகள் பகுதியின் ஒவ்வொரு கணக்கிலும் சமன்பாட்டுக்கு மேலே ‘x எங்கிருந்து எங்கு வரை’ என்று ஒரு வெற்றுக் கோடு சேர்கிறது. அதை நிரப்பாமல் கீழே வரைவது முடியாதபடி கட்டத்தின் எல்லையையும் மாணவரே குறிக்க வேண்டும்.

இரண்டு புள்ளிக் கேள்வி முதல் பக்கத்திலிருந்தே வரும், |x| க்கும்கூட. அங்கே தேவையில்லைதான். ஆனால் தேவைப்படும் இடத்தில் புதிதாகக் கற்க நேரமில்லை.

லேப் வகுப்புகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே கால அட்டவணையில் எழுதி வாங்குகிறார்கள். ஸ்லைடர் திரும்ப வருகிறது, ஒரே ஓரிடத்தில்: வீச்சைக் கூட்டிக் குறைக்கும் a க்கு. அங்கே எண் பெரிதானால் படமும் உயர்கிறது. குறி ஏமாற்றாது.